ஷட்டருக்குள் ஒரு குரல்

அத்தியாயம் 9

போன புதன்கிழமை வந்த டெலிபோனை எடுத்திருக்கவே வேண்டாம் என்று சுனிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முதன்முறையாகத் தோன்றியது.

எடுத்தது அவள்தான். அவள் கணவன் அசோகன் குளித்துக்கொண்டிருந்தான். பேசிய பெண் தன் பெயர் வைஷ்ணவி என்றாள். பெங்களூரில் புதிதாக வந்திருக்கும் எஃப்.எம். ரேடியோவில் ஞாயிறு மாலை தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறவள். ஒரே ஒரு பாட்டால் ஊரை ஆட்டிவைத்துவிட்டு அப்புறம் ஆளே காணாமல் போன பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைப்பதுதான் நிகழ்ச்சி.

"'மெஜஸ்டிக் மழை' அசோக் சார் வீடுதானே மேடம்? எவ்ளோ கஷ்டப்பட்டு நம்பர் புடிச்சோம் தெரியுமா? சார் ஸ்டுடியோவுக்கு வந்து ரெண்டு வரி பாடினா போதும்."

"வருவாருங்க" என்று சுனிதா சொல்லிவிட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அசோகனுக்குச் சந்தோஷம் வரவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. வியாழக்கிழமை அவனே வைஷ்ணவிக்குப் போன் செய்து, ஸ்டுடியோவுக்கு வர முடியாது, வீட்டிலிருந்தே போனில் பேசிப் பாடுகிறேன் என்று மாற்றிக்கொண்டான்.

ஐந்து வருஷமாகத் தொண்டை கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பவன். டாக்டர் பாடவே கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். சொந்தக் குழந்தைக்குத் தாலாட்டுகூடப் பாடியதில்லை. ஸ்டுடியோவில் வராத தொண்டை, போனில் மட்டும் எப்படி வரும்?

அந்தக் கேள்வி வியாழக்கிழமை அவள் மனதில் எறும்பு மாதிரி நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் புற்றே வைத்துவிட்டது.

காலை ஒன்பது மணிக்கே அசோகன் கிளம்பிவிட்டான். "ஒக்கலிபுரத்துல நோயலப் பாத்துட்டு வந்துடறேன். கீபோர்டு வச்சிக்கிட்டு கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணணும்" என்றான்.

நோயல் அவனோடு கூரியர் ஆபீசில் வேலை பார்ப்பவன். கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பான். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் செருப்பை மாட்டும்போது அசோகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுனிதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது தர்ஷினி தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டே முணுமுணுத்தாள்.

'மெஜஸ்டிக்குல மழையடிக்குது, எந்த பஸ்ஸுல வர்றே?
ஒத்தக் குடைய வச்சிக்கிட்டு எத்தன நேரம் நிப்பேன்?'

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு மழையைப் பற்றிய அந்தப் பாட்டு இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்தான். ஆனால் குழந்தை 'நிப்பேன்' என்ற இடத்தில் குரலை லேசாக மடக்கி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு விட்டது. கேசட்டில் வரும் அதே மடக்கு. சுனிதா எத்தனை தடவை முயன்றும் அவளுக்கு வராத மடக்கு.

"இப்டி பாட யாரு சொல்லிக் குடுத்தாங்க பாப்பா? அப்பாவா?"

"ம்ஹூம். சித்தப்பா."

சுனிதா சிரித்தாள். "சித்தப்பாவா? அவருக்குப் பேசவே வராதேடி."

"பேசறப்பதாம்மா நிக்கும். பாடறப்ப நிக்காது. மாடியில பாடுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

சொல்லிவிட்டுக் குழந்தை பொம்மையின் பின்னலுக்குத் திரும்பிவிட்டது. சுனிதாவின் கையில் வெங்காயம் அப்படியே இருந்தது.

கிரண் அசோகனின் தம்பி. அடுகோடியில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறையில் டர்னர். பட்டறைக்குப் பின்னாலுள்ள அறையிலேயே தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான். அவனுக்குத் திக்குவாய். 'அண்ணி' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் தன்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது என்று சுனிதா நினைத்தாள்.

அவள் நோயலுக்குப் போன் செய்தாள்.

"அசோக்கா? இங்க வரலையே சிஸ்டர். நான் இப்ப வொய்ட்ஃபீல்டுல ஒரு கல்யாணத்துல இருக்கேன்னு வீட்ல சொல்லியிருப்பாங்களே... ஓ, இது என் மொபைல்! ஏன், ஏதாவது பிராப்ளமா?"

"ஒண்ணுமில்லைங்க."

வைத்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. காலையில் அசோகன் கிளம்புமுன் யாருக்கோ போன் செய்தான். 'வரேன், வரேன்' என்று இரண்டு வார்த்தை. எதிர்முனையில் யார்? அதைக் கண்டுபிடிக்க, கடைசி நம்பருக்கே திரும்பப் போகும் ரீடயல் பட்டனே போதும். ஆனால் இப்போது அவளே நோயலைக் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டாள்.

ஒரு பெண்ணாக இருந்தால்? நிகழ்ச்சி இருக்கும் நாளில், பொய் சொல்லிவிட்டு, யாரைப் பார்க்கப் போயிருக்கிறான்?

தர்ஷினியின் வார்த்தை திரும்ப வந்தது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு.

சுவரில் பென்சிலால் எழுதியிருந்த பட்டறை நம்பரை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போன நேரத்தில் யாரோ எடுத்தார்கள்.

"ஹ... ஹ... ஹலோ."

கிரண். அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அவள் கணவனின் குரல் தெளிவாகக் கேட்டது. "யார்டா அது? எவனா இருந்தாலும் நான் இங்க இல்லைன்னு சொல்லு."

சுனிதா பேசாமல் போனை வைத்தாள்.

குழந்தையைப் பக்கத்து வீட்டு சரசக்காவிடம் விட்டாள். "எங்க சுனிதா, கறி கூட வைக்காம?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "இதோ வந்துட்டேன்கா" என்றாள். தொம்மலூர் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கப் பொறுமையில்லை. தெருமுனையிலேயே ஆட்டோ பிடித்தாள்.

"அடுகோடி பர்த்தீரா?"

"ஹத்து ரூபாய் ஜாஸ்தி கொடி மேடம், சண்டே" என்றான் ஆட்டோக்காரன். பத்து ரூபாய்தானே என்று ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் அவளுக்குத் தான் வளர்ந்த மாரிக்குப்பம் ஞாபகம்தான். கோலார் தங்கவயலில் அவளுடைய அப்பா சுரங்கத்தில் இருந்தார். தொண்ணூற்றாறில் அந்தப் பாட்டு வந்தபோது சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எங்கே திரும்பினாலும் அதுதான் ஒலித்தது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையன்கள் பெட்டியைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். கேசட்டை அவள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

அடுத்த வருஷம் மூன்று வரன் வந்தது. ஒருத்தருக்குச் சர்க்கார் வேலை. இன்னொருத்தருக்குச் சொந்த வீடு. மூன்றாவது ஆள் கூரியர் கம்பெனியில் இருந்தான். ஆனால் அந்தக் கேசட் அட்டையில் குடை பிடித்து நின்றவன் அவன்தான்.

அவள் யோசிக்கவே இல்லை.

ஓசூர் ரோட்டுப் பக்கம் பட்டறைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. கிரணின் பட்டறை ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. வாசலில் இரும்புச் சுருள்கள் மின்னின. உள்ளே விளக்கு எரிந்தது.

சுனிதா ஷட்டருக்கு அருகில் போய்க் குனியப் போனாள். அப்போது பாட்டு கேட்டது.

கேசட் இல்லை. கேசட்டில் கிதார் உண்டு, டிரம்ஸ் உண்டு. இது வெறும் குரல். தகரக் கூரையில் பட்டு, இரும்பில் பட்டு, ஷட்டருக்கடியில் வழிந்து வெளியே வந்தது. 'எத்தன நேரம் நிப்பேன்' என்ற இடத்தில் அந்த மடக்கு. அந்த ஒரு நொடி நிறுத்தம். பிறகு விடுதலை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாடுகிறாரே! தொண்டை சரியாகிவிட்டது, எனக்குத் தெரியாமல் பழகி, மாலையில் ஆச்சரியப்படுத்தலாம் என்று ஒளிந்து பாடுகிறார்! இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்? உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்காமல் அங்கேயே நின்று முழுவதும் கேட்கலாம் என்று அவள் ஷட்டரில் கையை வைத்தாள்.

"சுனி? நீ எங்க இங்க?"

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். அசோகன் நின்றிருந்தான். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய டீ. இன்னொரு கையில் இரண்டு காகிதக் கப்.

உள்ளே பாட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். சரணம் முடிந்து பல்லவி திரும்ப வந்தது. பிறகு சுனிதா ஷட்டரைப் பிடித்து மேலே தள்ளினாள். அது சத்தமாக ஏறியது.

லேத் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிரண் எழுந்துகொண்டான். வாய் பாதி திறந்தபடி இருந்தது.

"அ... அ... அண்..."

அந்த வார்த்தையை அவன் முடிக்குமுன் சுனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. தலையணைக்கடியில் வைத்திருந்த குரல் அது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் முகத்தை இப்போது பார்க்க முடியவில்லை.

"உள்ள வா, சொல்றேன்" என்றான் அசோகன்.

"இங்கயே சொல்லுங்க."

"ஏமாத்தணும்னு செய்யல சுனி. பாட்டு ரெக்கார்டு பண்ணது இவன்தான். எல்லாம் முடிஞ்சு டிவியில பேட்டி எடுக்க வந்தாங்க. இவனால பேரைக்கூடச் சொல்ல முடியல. கேமரா ஓடிட்டே இருக்கு, இவன் நிக்கறான், நிக்கறான்... கேசட் கம்பெனிக்காரன் என்னைப் பாத்தான். 'நீ நல்லா பேசறே, மூஞ்சியும் இருக்கு. நீயே நில்லு'ன்னான். ஒரு நாளைக்குன்னுதான் நின்னேன்."

"ஒரு நாளா? அஞ்சு வருஷமா என் பக்கத்துல நின்னீங்களே!"

அசோகன் டீப் பையைப் பார்த்தான்.

"இவனும் சரின்னுதான் சொன்னான். கேட்டுப் பாரு."

சுனிதா இப்போது கிரணைப் பார்த்தாள். "சரின்னு சொன்னியா கிரண்?"

கிரண் தலையசைத்தான். ஆனால் அசைக்குமுன் அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"அப்ப ரெண்டாவது கேசட் ஏன் வரல? இவன்தான் நல்லா இருக்கானே, குரலும் இருக்கே?"

கிரணின் உதடு அசைந்தது. அதற்குள் அசோகன் பேசிவிட்டான். "கம்பெனிய மூடிட்டாங்க. ஆயிரம் வாட்டி சொல்லியிருக்கேன்ல?"

வேகமான பதில். கார்மெண்ட் ஃபேக்டரியில் செக்கிங் செக்ஷனில் இருப்பவள் சுனிதா. தையல் எங்கே அவசரமாக ஓடியிருக்கிறது என்று தொட்டாலே தெரியும். இந்த இடத்திலும் ஏதோ பிரிந்திருக்கிறது, மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பட்டது.

"சாயங்காலம் என்ன திட்டம்?"

"நான் பேசுவேன். பாட்டு வர்றப்போ ரிசீவர இவன்கிட்ட குடுப்பேன். ரெண்டு நிமிஷம். அத்தோட முடிஞ்சுது. உங்க ஃபேக்டரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டியே, உங்கண்ணன் கோலார்ல இருந்து போன் பண்ணி விசாரிச்சாரே. இப்ப பாடலைன்னா உனக்குத்தானே அசிங்கம்?"

அது உண்மைதான். அவள்தான் எல்லோரிடமும் சொன்னாள். அவள் சேர்த்த கூட்டம்தான் மாலை ரேடியோ முன்னால் உட்காரும்.

"பாடட்டும்" என்றாள் சுனிதா மெதுவாக. "ஆனா பாட்டு முடிஞ்சதும் நீங்க ரிசீவர வாங்கி, 'இது என் தம்பி கிரண் குரல்'னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தை. அசிங்கம் வந்தா நான் தாங்கிக்கறேன்."

"சொல்லிடறேன்."

"நிஜமா?"

"சொல்லிடறேன்னு சொல்றேன்ல!"

மறுத்திருந்தால்கூட அவள் நம்பியிருப்பாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதைத்தான் நம்ப முடியவில்லை.

மாலை ஐந்து மணி. தொம்மலூர் வீட்டு ஹாலில் போன் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அசோகன், மற்றதில் கிரண். ரேடியோ பக்கத்தில் இருந்தால் போனில் கீச்சென்று சத்தம் வரும் என்று வைஷ்ணவி சொல்லியிருந்தாள். அதனால் சுனிதா டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் காதில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து ஹால் தெரியும்.

போன் அடித்தது.

அசோகன் பிரமாதமாகப் பேசினான். மெஜஸ்டிக்கில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியது, குடையோடு நின்ற ஒரு ஆளைப் பார்த்தது, வீட்டுக்கு வந்து அப்படியே பாட்டாக வந்தது. கல்யாணமான புதிதில் அவன் சொல்லி அவள் மயங்கிக் கேட்ட கதை. இன்று அதே கதையை ரேடியோவிலும் நேரிலும் இரண்டு காதாலும் கேட்டாள். எந்த இடத்திலும் அவன் தடுமாறவில்லை. மழைக்கு ஒதுங்கியது யார்? குடையோடு யார் நின்றார்கள்? இதில் ஒரு சொல்லாவது இவனுடையதா?

"சூப்பர் சார்! இப்ப நேயர்களுக்காக லைவ்வா ரெண்டு வரி?" என்றாள் வைஷ்ணவி.

ரிசீவர் கை மாறியது.

கிரண் கண்ணை மூடிக்கொண்டான். பாடினான். இரண்டு வரி கேட்டார்கள். அவன் நிறுத்தவே இல்லை. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. கழுத்தில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை. பேசும்போது இறுகிக்கிடக்கும் தோள் இரண்டும் தளர்ந்திருந்தன. இந்த வீட்டில் ஐந்து வருஷமாகத் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் போன ஆள் இவன்தானா என்று சுனிதா பார்த்தாள்.

முடிந்தது. ரேடியோவில் கைதட்டல் சத்தம் போட்டார்கள். அசோகன் ரிசீவரை வாங்கிக்கொண்டான்.

சுனிதா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை.

அசோகன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே பேசினான். "தேங்க்யூ வைஷ்ணவி. இந்தப் பாட்ட என் வொய்ஃப் சுனிதாவுக்கு டெடிகேட் பண்றேன்."

சுனிதா டிரான்சிஸ்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஸோ ஸ்வீட்! சார், லைன்லயே இருங்க. ஒரு நேயர் உங்ககிட்ட பேசணும்னு காத்திருக்காங்க. வணக்கம், யார் பேசறீங்க?"

"நான் லிங்கராஜபுரத்துல இருந்து ஜூடித் பேசறேன்."

பெண் குரல். நிதானமான குரல். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் கிரண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். போனிலிருந்து அவனுக்குக் கேட்டிருக்க முடியாது. சுனிதாவின் கையிலிருந்த டிரான்சிஸ்டரைத்தான் பார்த்தான்.

அசோகனின் முகம் வெளுத்தது.

"சொல்லுங்க ஜூடித், அசோக் சார்கிட்ட என்ன கேக்கணும்?"

"பேசினது அசோகன்தான். எனக்குத் தெரியும். பாடினது அவர் இல்ல. அந்தப் பாட்ட எழுதினது நான். மெஜஸ்டிக்குல குடையோட எனக்காக நின்னவரு பாடினாரு. ஆறு வருஷம் மஸ்கட்ல இருந்துட்டு போன மாசம்தான் வந்தேன்."

"மேடம், நீங்க..."

"ஒரு நிமிஷம்மா. கேசட் குரல எனக்கு நல்லாத் தெரியும். இப்ப கேட்டது கொஞ்சம் தடிச்சிருக்கு, வயசு கூடியிருக்கு. அப்ப இது பழைய ரெக்கார்டு இல்ல. இப்ப, இந்த நிமிஷம் பாடினது." அந்த நிதானம் முதன்முறையாக உடைந்தது. "அசோகன், ரெண்டாவது கேசட் ரெக்கார்டிங் அன்னிக்கு ஸ்டுடியோ வாசல்ல என்கிட்ட என்ன சொன்னீங்க? கிரண் லாரியில அடிபட்டுச் செத்துட்டான், அடக்கம் பண்ணிட்டு வரேன்னு சொன்னீங்களே. அப்ப இப்ப யாரு பாடினது?"

ரேடியோவில் சட்டென்று ஒரு சோப்பு விளம்பரம் பாய்ந்து வந்தது.

அசோகன் ரிசீவரை வைத்தான். வைத்த கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

சுனிதா விளம்பரத்தை அணைத்தாள். பக்கத்து வீட்டில் சரசக்கா ரேடியோவை வைத்திருந்தது சுவர் வழியாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தெருவே கேட்டிருக்கிறது.

கிரண் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு இழுத்துக்கொண்டது. அசோகன் எப்போதும் போல முந்திக்கொண்டு பேச வாயைத் திறந்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சுனிதா. "அவன் பேசட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் பேசட்டும்."

நேரம் ஆனது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"அ... அண்ணா" என்றான் கிரண். "அ... அவ எ... என்னைய வேணாம்னு சொ... சொல்லிட்டுப் போயிட்டான்னு தா... தானே நீ சொன்னே?"

அசோகனின் கைக்கடியில் டெலிபோன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. அவன் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான், பிடித்தால் சத்தம் நின்றுவிடும் என்பதுபோல.

சுனிதா போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரிசீவரை எடுத்தாள். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"உயிரோட இருக்காரும்மா. எங்க வீட்ல, என் எதிர்லதான் நிக்கறாரு. தொம்மலூர்ல பழைய கோயிலுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. நேர்ல வாங்க. எனக்கும் உங்ககிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

எதிர்முனையில் பேசியது ஜூடித் இல்லை. ஒரு ஆண் குரல். சுனிதா இதுவரை கேட்டிராத குரல்.

"அசோகன் சம்சாரமா பேசறீங்க? ஜூடித்த அங்க வரச் சொல்லாதீங்கம்மா. அன்னிக்கு ஸ்டுடியோ வாசல்ல நானும்தான் நின்னேன். கிரண் செத்துட்டான்னு உங்க வீட்டுக்காரர் தானா சொல்லல, வேற ஒருத்தர் சொல்லச் சொன்னாங்க. அவரைக் கேளுங்க, யாருக்காகப் பொய் சொன்னாருன்னு."

லைன் அறுந்தது.

சுனிதா ரிசீவரைக் கையில் வைத்தபடியே கணவனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவன் முகத்தில் எத்தனையோ பொய்களைப் பார்த்துவிட்டாள். இப்போது அங்கே இருந்தது பொய் இல்லை. பயம்.